கல்லில் ஒரு வருஷம், ஏட்டில் ஒரு வருஷம்: எங்கள் தோட்டத்து மெதடிஸ்ட் சபை

ஒரு வாசகரின் கேள்வி, 5 ஜனவரி 2024

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்தில் என் தாத்தா ரப்பர் பால் வெட்டிய தோட்டத்தில் ஒரு மெதடிஸ்ட் சர்ச் இருக்கிறது. துரைதான் அதைக் கட்டிக் கொடுத்தார், அதற்கு முன்னால் அங்கே கிறிஸ்தவர்களே கிடையாது என்று வீட்டில் சொல்வார்கள். பழைய ஏடுகளை எல்லாம் வெள்ளைக்காரன் லண்டனுக்குக் கொண்டுபோய்விட்டானாம். இனிமேல் தேடிப் பயனில்லை என்று நினைக்கிறேன். சரிதானே?

6 ஜனவரி 2024

சரியில்லை. நீங்கள் சொல்லும் சபை எங்கள் சபையாகவே இருக்கலாம், இல்லையென்றால் பக்கத்துத் தோட்டத்துடையது. நான் அங்கே பிறந்தவன். இப்போது ஈப்போவில் இருக்கிறேன், மாதம் ஒரு ஞாயிறாவது ஆராதனைக்குப் போய்விடுவேன்.

முதலில் லண்டன் விஷயம். மலாயாவை ஆண்டது பிரிட்டிஷ்காரன் என்பதால் மிஷனும் அங்கிருந்துதான் வந்தது என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம். மலாயாவுக்கு வந்தது அமெரிக்க மெதடிஸ்ட் சபை, அதுவும் இந்தியா வழியாக. 1885 பிப்ரவரியில் தோபர்ன், ஓல்டம் என்ற மிஷனரிகள் சிங்கப்பூரில் வந்து இறங்கினார்கள். ஓல்டம் பெங்களூரில் பிறந்தவர். பேராக்கில் 1895-ல் ஈப்போ ஆங்கிலோ சைனீஸ் பள்ளியைத் தொடங்கிய ஹோர்லியும் இதே மிஷனைச் சேர்ந்தவர்தான். ஆகவே மிஷனரிகளின் அறிக்கைகளையும் கடிதங்களையும் தேட வேண்டிய இடம் லண்டன் இல்லை. நியூ ஜெர்சி மாநிலத்தில் மேடிசன் என்ற ஊரில், ட்ரூ பல்கலைக்கழக வளாகத்தில் அந்தச் சபையின் ஆவணக் காப்பகம் இருக்கிறது.

ஆனால் ஞானஸ்நான ஏடு அங்கே போகவில்லை. அது எங்கள் சபையிலேயே இருக்கிறது. போதகர் அறையில் இரும்பு அலமாரி, அதன் அடித்தட்டு, கிறிஸ்துமஸ் தோரணங்கள் வைத்த பெட்டிக்குக் கீழே. நான் இந்தக் கையால் தொட்டிருக்கிறேன்.

6 ஜனவரி, இரவு

துரை கட்டினார் என்பதற்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். வாசல் படிக்கு இடதுபுறம் அஸ்திவாரக் கல் இருக்கிறது. துரையின் மனைவி நாட்டினார் என்று அதில் செதுக்கியிருக்கிறது, வருஷம் 1930-களில் ஒன்று. ஏட்டின் முதல் பதிவோ முதல் உலகப் போருக்கும் முந்தியது. கட்டடத்துக்கு ஏறக்குறைய இருபது வருஷம் முன்பே சபை இருந்திருக்கிறது. துரை நிலமும் மரமும் கொடுத்திருப்பார், அதை நான் மறுக்கவில்லை. சபையைக் கொடுத்தவர் அவர் இல்லை.

9 ஜனவரி

"கட்டடம் இல்லாமல் எங்கே ஞானஸ்நானம் கொடுத்தார்கள், ஆற்றிலா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆற்றில் இல்லை. மெதடிஸ்டுகள் பெரும்பாலும் தெளித்துத்தான் கொடுப்பார்கள், குழந்தைகளுக்கும் கொடுப்பார்கள். ஏட்டில் 'இடம்' என்று ஒரு பத்தி உண்டு. முதல் பக்கங்களில் அந்தப் பத்தியைப் படித்தாலே பழைய தோட்டம் கண்முன் வந்துவிடும்: ஆஸ்பத்திரி வராந்தா, ஸ்டோர், ஏழாம் நம்பர் லயம் (தொழிலாளர் வரிசை வீடு), பெரிய கிராணியார் (தலைமை எழுத்தர்) வீடு, ஆயாக்கொட்டகை. 1920-களின் நடுவிலிருந்து 'பள்ளிக்கூடம்' என்றே வரிசையாக வருகிறது. காரணம் தெரிந்ததுதான். 1923-ல் வந்த தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. பள்ளிக்கூடம் வந்ததும் சபைக்கும் ஒரு கூரை கிடைத்தது. வாத்தியாரே ஞாயிற்றுக்கிழமை உபதேசியார்.

ஆயாக்கொட்டகை என்றால் என்ன என்று கேட்கும் இளையவர்களுக்கு: தாய்மார் பால் வெட்டப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் கொட்டகை. வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். நானும் அதில் கிடந்தவன்தான்.

14 ஜனவரி

இன்று ஆராதனை முடிந்து போதகர் ஐயாவிடம் அனுமதி கேட்டு ஒரு மணி நேரம் ஏட்டோடு உட்கார்ந்தேன். பார்த்ததை அப்படியே எழுதுகிறேன், பிறகு திருத்திக்கொள்ளலாம்.

முழங்கை நீளத்துக்குக் கொஞ்சம் குறைவு, கெட்டி அட்டை, முதுகில் துணி. துணியைக் கரையான் ஒரு மூலையில் தின்றிருக்கிறது. தாளில் மூன்று விதமான மை. பழைய பதிவுகள் பழுப்பாகிவிட்டன. அழுத்தி எழுதிய எழுத்துகளில் மை தாளையே அரித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் எழுத்தின் வடிவத்திலேயே கிழிசல் தெரிகிறது. அந்தக் கால இரும்பு மைக்கு இது உள்ள குணம். அதற்குப் பின்னால் நீல மை. ஓரங்களில் பென்சில்.

பத்தித் தலைப்புகள் அச்சிட்டவை, ஆங்கிலத்தில். மேலே மெதடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் சர்ச் என்று இருக்கிறது. இது ஒரு நல்ல தடயம். 1939-ல் அமெரிக்காவில் மூன்று மெதடிஸ்ட் சபைகள் ஒன்றானபோது 'எப்பிஸ்கோப்பல்' என்ற சொல் போய்விட்டது. ஆகவே இந்த ஏடு அதற்கு முன் அச்சானது.

ஒரு சங்கதி மட்டும் புரியவில்லை. 1920-களின் பதிவுகளில் சில ஆண்பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலில் ஒரே சொல் எழுதியிருக்கிறது. 'சயரம்' என்று படிக்க முடிகிறது. அப்படி ஒரு சொல் எனக்குத் தெரியாது. யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

15 ஜனவரி

பொங்கல் நாளில் இத்தனை பதில்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. 'சயரம்' என்பதை 'சகாயம்' என்கிறார் ஒருவர். ஏழைப் பிள்ளைகளுக்குச் சபை உதவி கொடுத்த குறிப்பாக இருக்கலாமாம். இன்னொருவர் 'சமரசம்' என்கிறார். சகாயம் கொஞ்சம் பொருந்துகிறது. ஆனால் பெண்பிள்ளை ஒருத்திக்குக்கூடச் சகாயம் கிடைக்கவில்லையா?

21 ஜனவரி

அச்சு விஷயத்தில் ஒரு திருத்தம். அட்டையின் உள்பக்கம் ஒட்டியிருந்த பழுப்புத் தாள் ஓரத்தில் எழும்பியிருந்தது. அதைக் கிழிக்காமல் எட்டிப் பார்த்தால் அச்சகத்தின் பெயர்: மெதடிஸ்ட் பப்ளிஷிங் ஹவுஸ், சிங்கப்பூர். மிஷனரி ஷெல்லபேர் 1890-ல் தொடங்கிய மிஷன் அச்சகம் 1906-ல் இந்தப் பெயருக்கு வந்தது. 1927-ல் மலாயா பப்ளிஷிங் ஹவுஸ் ஆனது. பள்ளிப் புத்தகம் வாங்க நாம் போன எம்.பி.எச். கடையின் வேர் இதுதான். சுருக்கெழுத்து மூன்றும் அப்படியே நிற்க, விரிவு மட்டும் மாறியது. ஆக ஏடு அச்சானது 1906-க்கும் 1927-க்கும் இடையில்.

எழுதிவிட்டுத் திரும்ப யோசித்தேன். ஏடு அச்சான வருஷமும் அதில் முதல் பதிவு எழுதிய வருஷமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. முதல் எட்டுப் பக்கமும் ஒரே கையெழுத்து, ஒரே மை, ஒரே அழுத்தம். பல வருஷத்துப் பதிவுகள் அப்படி இருக்குமா? யாரோ ஒரு பழைய நோட்டிலிருந்து ஒரே மூச்சில் பெயர்த்து எழுதியிருக்கிறார். அப்படியென்றால் இதற்கும் முந்திய நோட்டு ஒன்று இருந்திருக்க வேண்டும். அது எங்களிடம் இல்லை.

22 ஜனவரி

"மெதடிஸ்ட் என்றால் யாழ்ப்பாணத்தார்தானே, தோட்டத்தில் ஏது?" என்ற கேள்விக்கு.

பாதி உண்மை. யாழ்ப்பாணத்தில் 1814-லிருந்து பிரிட்டிஷ் வெஸ்லியன் மிஷனும், 1816-லிருந்து அமெரிக்கன் சிலோன் மிஷனும் பள்ளிகள் நடத்தின. அங்கே ஆங்கிலம் படித்தவர்கள் இங்கே ரயில்வேயிலும் தோட்ட ஆபீசிலும் கிராணிகளாகவும், தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர்களாகவும் வந்தார்கள். மற்ற பாதி, நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, ஜெரஜாக் தீவில் தடுத்துவைக்கப்பட்டு, கங்காணி பின்னால் வந்த எங்கள் ஆட்கள். திருநெல்வேலி, தஞ்சாவூர், திருச்சிப் பக்கம். ஊரில் எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலிக்கன் மிஷன் சபையாகவோ லுத்தரன் சபையாகவோ இருந்தவர்கள், இங்கே பக்கத்தில் எந்தச் சபை இருந்ததோ அதில் சேர்ந்தார்கள். நடந்து போகும் தூரத்தில் எது இருந்ததோ அதுதான் சபை.

ஊரில் வேர் தேடுகிறவர்களுக்கு இது முக்கியம். இங்கே மெதடிஸ்ட் என்பதால் தமிழ்நாட்டிலும் மெதடிஸ்ட் சபையைத் தேடாதீர்கள். 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உருவானபோது ஆங்கிலிக்கன், வெஸ்லியன் சபைகள் எல்லாம் அதில் சேர்ந்துவிட்டன. லுத்தரன் சபைகள் சேரவில்லை. லுத்தரன் இல்லையென்றால், உங்கள் கொள்ளுத்தாத்தாவின் சபை இன்று சி.எஸ்.ஐ. சேகரமாக இருக்கும்.

28 ஜனவரி

கிராணிமார் விஷயத்தை எழுதியபிறகு மனதில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் கோயிலில் முன்வரிசை பெஞ்சுகள் ஸ்டாஃப் குடும்பங்களுக்கு. லயத்து ஜனங்கள் பின்னால், பழைய நாளில் பாய் விரித்துத் தரையில். விதி என்று யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் என் பாட்டி சாகும்வரை நாலாவது பெஞ்சைத் தாண்டி முன்னால் போய் உட்கார்ந்ததில்லை. கோயிலில் எல்லோரும் ஒன்று என்று பிரசங்கம் கேட்டுக்கொண்டே பின்னால் உட்கார்ந்திருந்தார்.

ஏட்டிலும் அந்தக் கோடு தெரிகிறது. தொழில் பத்தியில் ஸ்டாஃப் குடும்பத்துக்கு 'டிரஸ்ஸர்', 'கிராணி', 'கண்டக்டர்' (தோட்ட வேலை மேற்பார்வையாளர்) என்று தனித்தனியே இருக்கிறது. லயத்து ஜனங்களுக்கு 'கூலி' என்ற ஒரே சொல். பால் வெட்டியவர், களை பிடுங்கியவர், ஸ்டோரில் ரப்பர் புகை போட்டவர், மாட்டு வண்டி ஓட்டியவர், எல்லோரும் கூலி. நான் பெயர்த்தெழுதும்போது அதை மாற்றவில்லை. இருப்பதை இருப்பதாகவே எழுதுவதுதான் நியாயம். ஆனால் அந்தப் பத்திக்கு வரும்போதெல்லாம் கை நின்றுவிடுகிறது.

28 ஜனவரி, சற்றுப் பிறகு

ஆராதனை ஏன் மாலை நாலு மணிக்கு என்று கேட்டவருக்கு: விடியுமுன் பெரட்டு (ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது), அப்புறம் மரம், அப்புறம் பால் நிறுவை. ஞாயிறு என்று மரம் காத்திருக்காது. எல்லாம் முடிந்து குளித்து வந்தாலும் கையில் பால் வாடை போகாது. பாட்டி தேங்காய் எண்ணெய் தடவித் தேய்ப்பார். காணிக்கைப் பையைப் பிடிக்கும்போது அந்த இரண்டு வாடையும் சேர்ந்து வரும், எனக்கு அதுதான் கோயில் வாசனை.

11 பிப்ரவரி

சீனப் பெருநாள் விடுமுறையில் ஊருக்கு வந்திருக்கிறேன். இரண்டு நாளாக ஏட்டோடுதான்.

நான் செய்த ஒரு பெரிய தவறு. ஜனவரியில் பெயர்த்தெழுதியபோது, தகப்பன் பெயர் பத்தியில் பல இடங்களில் 'ஷ' போல ஒரு எழுத்து இருந்தது. தலைப்பெழுத்து என்று நினைத்து 'ஷ.' என்று எழுதி வைத்தேன். ஷண்முகமோ என்னவோ என்று ஊகம் வேறு. இன்று எங்கள் சபையின் மூத்த தாத்தா ஒருவர் (எண்பத்தாறு வயது, பழைய தோட்டப் பள்ளி வாத்தியார்) கண்ணாடியைத் துடைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, இது எழுத்து இல்லை, மேற்படி" என்றார்.

௸. மேற்படி. மேலே சொன்னதேதான் என்ற பொருள். நாள், மாதம், வருஷத்துக்கு ௳, ௴, ௵ என்று போடுவார்களே, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த குறி. பழைய பத்திரங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். நான் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் படித்தும் இதைக் கண்டதில்லை.

தகப்பன் பெயர் தெரியாத பிள்ளைகள் என்று நான் தனியாகக் குறித்து வைத்த பலபேர் அப்படி இல்லை. மேல்வரியில் இருக்கும் பிள்ளையின் தம்பி தங்கைகள். ஒரே நாளில் ஒரே வீட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் சேர்த்து ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார்கள். உபதேசியார் கை வலிக்க ஒரே பெயரைத் திரும்ப எழுதவில்லை, அவ்வளவுதான். நான் முன்பு யாருக்காவது தனிச்செய்தியில் "தகப்பன் பெயர் இல்லை" என்று சொல்லியிருந்தால் மன்னியுங்கள். எல்லாவற்றையும் திரும்பப் பார்த்து ஒவ்வொருவருக்கும் எழுதுகிறேன்.

12 பிப்ரவரி

உறுப்பினர் ஏடு தனி. அதில் 'நீங்கிய காரணம்' என்று ஒரு பத்தி. 1930 தொடங்கி இரண்டு மூன்று வருஷத்துக்கு அந்தப் பத்தி முழுக்க "இந்தியாவுக்குப் போனார்". ரப்பர் விலை விழுந்த மந்தக் காலம், ஆயிரக்கணக்கில் திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பட்டியலுக்குப் பிறகு உறுப்பினர் எண்ணிக்கை பாதிக்குக் கீழே. இத்தனை பேரை இழந்துவிட்டுத்தான், மிச்சம் இருந்தவர்கள் கோயில் கட்டியிருக்கிறார்கள். அஸ்திவாரக் கல்லைப் பார்க்கும்போது எனக்கு இனி துரையம்மா ஞாபகம் வராது.

அதே வாசகம் இன்னொரு முறை வருகிறது, 1969-க்குப் பிறகு. குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்றான பிறகு. இந்த முறை எழுதியவர் "இந்தியாவுக்கு" என்று எழுதாமல் "ஊருக்குப் போனார்" என்று எழுதியிருக்கிறார். போனவர்களில் சிலர் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள், ஞானஸ்நான ஏட்டில் பெயர் இருக்கிறது.

13 பிப்ரவரி

கல்யாண ஏட்டைப் பற்றி ஒருவர் கேட்டார், சுருக்கமாகச் சொல்கிறேன். 1982 மார்ச் 1-ல் புதிய திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் கிறிஸ்தவத் திருமணங்களுக்குத் தனிச் சட்டம் இருந்தது. அந்தக் காலத்தில் கல்யாணம் ஆனவர்கள் இ.பி.எஃப்., சொத்துப் பெயர்மாற்றம் என்று (இ.பி.எஃப். என்பது ஊழியர் சேமநிதி) அலையும்போது சபை ஏட்டின் நகல் இன்றும் கைகொடுக்கிறது. போன வருஷம்கூட ஒரு அம்மாவுக்குப் போதகர் எடுத்துக் கொடுத்தார்.

25 பிப்ரவரி

கல்யாண ஏட்டை இவ்வளவு சுருக்கமாகக் கடந்திருக்கக் கூடாது. இன்று அதை முழுதும் பார்த்தேன்.

மணமகன், மணமகள் இருவருக்கும் 'நிலை' என்று ஒரு பத்தி உண்டு. கன்னி, விதவை, தாரமிழந்தவர் என்று எழுதுவார்கள். போருக்கு முன் பக்கம் பக்கமாகக் 'கன்னி'. எப்போதாவது ஒரு 'விதவை'. 1942-லிருந்து 1945 வரை மொத்தமே சில வரிகள். 1946-ல் மறுபடி நிரம்புகிறது. விதவை, விதவை, விதவை, கன்னி, விதவை. வயதைப் பார்த்தால் இருபத்திரண்டு, பத்தொன்பது, இருபத்தைந்து.

அடக்க ஏட்டில் அவர்களுடைய புருஷன்மார் பெயரைத் தேடினேன். ஒருவர்கூட இல்லை.

25 பிப்ரவரி, இரவு

தூக்கம் வரவில்லை. அவர்கள் எங்கே போனார்கள் என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஜப்பான்காரன் தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குப் போட்ட மரண ரயில்பாதைக்கு. 1942 கடைசியிலிருந்து ஒரு வருஷம், பான் போங்கிலிருந்து தான்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர். தோட்டம் தோட்டமாக லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனது. நல்ல சம்பளம், மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று சொல்லிக் கூட்டிப்போனவர்களும் உண்டு, ரோட்டில் போனவர்களைப் பிடித்துப் போனதும் உண்டு. காலரா, மலேரியா, பசி. பல்லாயிரம் தமிழர்கள் அந்தத் தண்டவாளத்தோரம் கிடக்கிறார்கள். வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம் ஆட்களுக்கு அப்படிப் பெயர் எழுதிய கல் கிடையாது.

3 மார்ச்

இடையில் ஒரு சண்டை நடந்திருக்கிறது, அதைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஏட்டை முழுவதும் இங்கே படமாகப் போட வேண்டும் என்று சிலர் கேட்கிறீர்கள். போட மாட்டேன். மேற்படிக் குறியைக் கழித்த பிறகும் தகப்பன் பெயர் பத்தி உண்மையிலேயே காலியாக இருக்கும் பதிவுகள் சில உண்டு. அந்தப் பிள்ளைகளில் சிலர் இன்னும் நம்மோடு வாழ்கிறார்கள், பேரன் பேத்திகள் இதைப் படிக்கிறார்கள். உங்கள் குடும்பத்துப் பதிவு வேண்டுமென்றால் போதகரைக் கேளுங்கள், அல்லது எனக்குத் தனியாக எழுதுங்கள்.

அப்புறம் பிளாஸ்டிக் உறை போட்டு அடைக்கலாம், செல்லோடேப் ஒட்டலாம் என்ற யோசனைகள். தயவுசெய்து வேண்டாம். வேறொரு சபையில் கிழிந்த பக்கத்துக்கு டேப் ஒட்டினார்கள். பத்து வருஷத்தில் டேப் மஞ்சளாகிப் பசை ஊறி, கீழே இருந்த எழுத்தும் போய்விட்டது. இன்னொரு இடத்தில் பெயிண்ட் அடிக்கும்போது பழைய தாள் என்று மூட்டையாகக் கொளுத்தியதை என் கண்ணால் பார்த்தேன். ஜன்னலோரம் இயற்கை வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், நல்ல போனில் படம் எடுத்தாலே போதும். அலமாரியைத் தரையிலிருந்து தூக்கி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். எங்கள் அலமாரியை இன்று நகர்த்திவிட்டோம். பின்பக்கச் சுவர் ஈரத்தில் ஊறிக் கறுத்திருந்தது.

17 மார்ச்

என் பாட்டியின் பதிவைக் கண்டுபிடித்துவிட்டேன்!

இத்தனை நாள் கிடைக்காததற்குக் காரணம் இரண்டு. ஒன்று, அடையாள அட்டையில் இருக்கும் வருஷத்தில் தேடிக்கொண்டிருந்தேன். அந்த அட்டை 1948-ல் வந்தது. ஜூன் 16-ல் சுங்கை சிப்புட்டில், எல்பில் தோட்டத்திலும் பக்கத்திலும் மூன்று துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டு, நாடு முழுக்க அவசரகாலம் வந்தது. பன்னிரண்டு வயதுக்கு மேல் எல்லோருக்கும் அட்டை என்றார்கள். பாட்டியிடம் பிறப்புப் பத்திரம் இல்லை. மேசைக்குப் பின்னால் இருந்தவர் முகத்தைப் பார்த்து ஒரு வருஷத்தைப் போட்டுவிட்டார், நாள் ஜனவரி 1. ஏட்டின்படி அவர் அதைவிட நாலு வயது இளையவர். சாகும்வரை ஜனவரி 1-ல் கேக் வெட்டினோம். உண்மையான பிறந்த நாள் ஐப்பசி மழையில் வருகிறது.

இரண்டாவது காரணம் அந்த மேற்படி. பாட்டியின் வரியில் தகப்பன் பெயர் ௸. மேலே பார்த்தால் அதுவும் ௸. அதற்கும் மேலே என் பூட்டனாரின் முழுப் பெயர், ஊர்ப் பெயரோடு. மூன்று பிள்ளைகள், ஒரே நாள், ஸ்டோரில் வைத்து ஞானஸ்நானம். இரண்டு அண்ணன்மார், கடைசியாகப் பாட்டி.

பாட்டி தன் அண்ணன்மாரைப் பற்றிச் சொன்னதெல்லாம் இரண்டே சொல்: "போயிட்டாங்க, ஐயா." எங்கே என்று கேட்டால் அடுப்படிக்குள் போய்விடுவார்.

30 மார்ச்

நாளை உயிர்த்தெழுந்த பண்டிகை. ஊருக்கு வந்துவிட்டேன். எழுத உட்கார்ந்து ஒரு மணி நேரமாகிறது.

அந்த வாத்தியார் தாத்தாவிடம் இன்று 'சயரம்' படத்தைக் காட்டினேன். பழைய கையெழுத்தில் துணைக்காலுக்கும் (ா) ரகரத்துக்கும் வித்தியாசம் பார்க்காதே தம்பி, இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதுவோம், இடத்தைப் பார்த்துப் படி என்றார். பிறகு என் கையிலிருந்து போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார். படித்துச் சொல்லவில்லை. திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சயாம்.

தாய்லாந்தின் அன்றைய பெயர். பென்சிலில், பெயருக்குப் பக்கத்தில், ஓரத்தில். போருக்குப் பிறகு வந்த யாரோ ஒரு போதகரோ உபதேசியாரோ, அடக்க ஏட்டில் எழுத உடலும் இல்லை, நாளும் இல்லை என்பதால், அவர்கள் ஞானஸ்நானம் பெற்ற பக்கத்துக்கே திரும்பிப் போய் ஒவ்வொருவராகத் தேடிக் குறித்திருக்கிறார். ஜனவரியில் இதை நான் சகாயம் என்று படிக்கப் பார்த்தேன்.

பாட்டியின் பக்கத்தை மறுபடி எடுத்தேன். மார்ச் 17-ல் என் கண் அவர் பெயரிலேயே நின்றுவிட்டது, ஓரத்தைப் பார்க்கவில்லை. மூத்தவருக்குப் பக்கத்தில் சயாம். அடுத்தவருக்குப் பக்கத்தில், அதே பென்சிலில், ௸.

2 ஏப்ரல்

எழுதிய எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் படித்தேன். ஆறு பேர் தங்கள் தாத்தாவின் தம்பி, பாட்டியின் முதல் புருஷன் என்று பெயர் அனுப்பியிருக்கிறீர்கள். நான்கு பெயர்கள் ஏட்டில் இருக்கின்றன, நாலிலும் அந்தச் சொல் இருக்கிறது. தனித்தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன்.

முதலில் கேள்வி கேட்டவருக்கு: உங்கள் தாத்தாவின் பெயரும் தோட்டத்தின் பெயரும் அனுப்புங்கள். 1950-களில் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது பக்கத்துத் தோட்டத்துச் சபை கலைந்து, அதன் ஏடு எங்களிடம் வந்து சேர்ந்தது. அதை நான் இன்னும் திறக்கவில்லை.

7 ஏப்ரல்

ஆராதனைக்குப் பிறகு சபைக் கமிட்டி ஒத்துக்கொண்டது. பென்சில் எழுத்து மை மாதிரி இல்லை, பக்கத்தைப் புரட்டப் புரட்ட எதிர்ப்பக்கத்தில் உரசி மங்குகிறது. ஜனவரியில் நான் எடுத்த படத்தையும் இன்று எடுத்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்கே தெரிகிறது. ஆகவே வரிசைப்படி முதல் பக்கத்திலிருந்து தொடங்கவில்லை. பென்சில் குறி உள்ள பக்கங்களை முதலில் படம் எடுக்கிறோம், ஒவ்வொன்றுக்கும் இடையில் மெல்லிய வெள்ளைத் தாள் வைக்கிறோம்.

13 ஏப்ரல், சனிக்கிழமை, சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் நாள், காலை ஒன்பது மணி. நல்ல கேமரா உள்ளவர்கள் இரண்டு பேர், பழைய கையெழுத்து படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேரானாலும் சரி. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு வாருங்கள். எண்ணெய் தடவ வேண்டாம். வாத்தியார் தாத்தாவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்.